செப்சிஸ் எச்சரிக்கை மணி: மருத்துவருக்கு முன்னால் அடித்ததா, பின்னால் அடித்ததா?

எண்கணக்கன்:
மருத்துவத் தகவலியலில் அண்மைக் காலத்தில் வந்த ஆய்வுகளில் கட்டாயம் படிக்க வேண்டியது எது என்று வேறோர் இழையில் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே எழுதினால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். என் தேர்வு, மின்னணு மருத்துவப் பதிவேட்டு மென்பொருள் விற்கும் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் கணிப்பு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்த ஆய்வு. 2021 ஜூனில் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. அதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. ஏற்கனவே நூற்றுக்கணக்கான அமெரிக்க மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மென்பொருளை எடுத்து, சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தச் சாதாரண வேலையை அதற்குமுன் வெளியார் யாரும் இந்த அளவில் செய்யவில்லை என்பதுதான் வியப்பு.

செப்சிஸ் பற்றி அறியாதவர்களுக்கு: நோய்த்தொற்றை எதிர்க்கக் கிளம்பும் உடலின் எதிர்வினை கட்டுமீறிப்போய், சிறுநீரகம், நுரையீரல், இதயம் என்று உறுப்புகளையே சாய்த்துவிடும் நிலை. 2017இல் உலகெங்கும் சுமார் 4.9 கோடிப் பேருக்கு வந்து, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் வந்த மதிப்பீடு. சிகிச்சை தாமதமாக ஆக ஆபத்து ஏறும். எனவே முன்கூட்டியே மணியடிக்கும் இயந்திரம் என்றால் எந்த மருத்துவமனைக்குத்தான் ஆசை வராது?

எபிக்கின் கணிப்பு, நோயாளியின் மின்னணுப் பதிவேட்டைப் பார்த்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போடும். கணிப்பின் திறனை அளக்கும் எண்ணான ஏ.யூ.சி., நிறுவனம் சொன்னபடி 0.76 முதல் 0.83 வரை. மிச்சிகன் குழு தங்கள் மருத்துவமனையின் 38,455 சேர்க்கைகளில் பார்த்தபோது கிடைத்தது 0.63. அவற்றில் செப்சிஸ் வந்தவை 2,552. மதிப்பெண் 6ஐ எட்டினால் எச்சரிக்கை என்று வைத்துப் பார்த்தால், அதில் 1,709ஐ அது பிடிக்கவே இல்லை. ஆனால் மொத்தச் சேர்க்கைகளில் 18 சதவீதத்துக்கு மணி அடித்திருக்கிறது. அப்படி மணி அடித்தவற்றில் உண்மையான செப்சிஸ் 12 சதவீதம்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படும் எண் 183. மருத்துவர்கள் உரிய நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் விட்டு, இயந்திரம் மட்டும் சுட்டிக்காட்டியவர்கள் அத்தனை பேர்தான். 2,552இல் 7 சதவீதம். இயந்திரத்தின் உண்மையான பங்களிப்பு என்று கணக்கில் வைக்க வேண்டியது அந்த எண்ணை மட்டுமே என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

இரவுப்பணி:
நான் அமெரிக்காவில் பொது வார்டு நர்ஸ். ஆய்வைப் படித்ததில்லை, மணியைத் தெரியும். திரையில் பெட்டி எழும், "செப்சிஸ் சந்தேகம், மதிப்பிடவும்" என்று. நிமிர்ந்து பார்த்தால் நோயாளியின் கையில் ஏற்கனவே பைப்பராசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருக்கும். ஏன் ஏறுகிறது? மருத்துவர் காலையிலேயே செப்சிஸ் என்று சந்தேகப்பட்டதால்தான். பெட்டியை மூட வேண்டுமானால் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "மருத்துவருக்கு ஏற்கனவே தெரியும்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தே விரல் பழகிவிட்டது.

எண்கணக்கன்:
சிஸ்டர், நீங்கள் சொல்வதற்குக் காரணம் அந்தக் கணிப்பின் உள்ளேயே இருந்தது. அதற்கு ஊட்டப்பட்ட தகவல்களில் ஒன்று, ஆன்டிபயாட்டிக் ஆர்டர் போடப்பட்டிருக்கிறதா என்பது! மருத்துவர் மருந்து எழுதியதும் மதிப்பெண் ஏறும்; பிறகு இயந்திரம் அவரிடமே வந்து செப்சிஸாக இருக்கலாம் என்று சொல்லும். பத்திரிகைகள் இதை வெளிக்கொண்டுவந்தன. 2022இல் நிறுவனம் கணிப்பை மாற்றியமைத்தபோது அந்த உள்ளீட்டை நீக்கியது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் சொந்தத் தரவில் பயிற்றுவித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

நெல்லை மருத்துவர்:
ஐ.சி.யூ.வில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு மறுப்புகள்.

ஒன்று, செப்சிஸுக்கு எலும்பு முறிவைப்போல ஒரு படத்தில் காட்டிவிடக்கூடிய அடையாளம் கிடையாது. 2016இல் வந்த வரையறை ஒன்று, அமெரிக்க அரசுக் காப்பீட்டுத் துறை பயன்படுத்தும் வரையறை இன்னொன்று, நோய்க் கண்காணிப்புக்காக வைத்திருப்பது மூன்றாவது. ஒரே வார்டில் மூன்றையும் வைத்து எண்ணினால் மூன்று எண்ணிக்கை வரும். ஒரு வரையறையில் பயின்ற கணிப்பை இன்னொரு வரையறையில் திருத்தினால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். நிறுவனமும் அன்று ஏறக்குறைய இந்தத் திசையில்தான் மறுத்தது: நடைமுறைக்குக் கொண்டுவருமுன் செய்ய வேண்டிய சரிப்படுத்தலைச் செய்யாமல் சோதித்துவிட்டார்கள் என்று.

இரண்டு, 183 பேர் என்பதை அற்பமாகச் சொல்கிறீர்கள். அந்த 183 குடும்பங்களைக் கேட்டுப்பாருங்கள்.

எண்கணக்கன்:
முதல் மறுப்பைப் பாதி ஏற்கிறேன், டாக்டர். வரையறை மாறினால் எண் மாறும். ஆனால் ஒவ்வொரு மருத்துவமனையிலும் சரிப்படுத்தாமல் வேலை செய்யாது என்றால், அதை வாங்கும் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவதற்குப் பதில் எண்ணிலேயே இருக்கிறது. 38,455இல் 18 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஏழாயிரம் சேர்க்கைகளில் மணி. ஒருவரைக் கண்டுபிடிக்க எத்தனை படுக்கைகளுக்கு ஓட வேண்டும் என்று பாருங்கள். அந்த ஓட்டத்தில் பிந்திப்போகும் மற்ற நோயாளிகளுக்கும் குடும்பம் உண்டு.

மல்லிகாபுரம்:
நான் மருத்துவத்துறை அல்ல, பள்ளி ஆசிரியை. ஏ.யூ.சி. என்கிறீர்களே, 0.63 என்றால் நூற்றுக்கு 63 சரி என்று எடுத்துக்கொள்வதா?

எண்கணக்கன்:
இல்லை அம்மா. செப்சிஸ் வரப்போகும் ஒருவரையும் வராத ஒருவரையும் குலுக்கல் முறையில் எடுங்கள். இருவரில் வரப்போகிறவருக்குக் கணிப்பு அதிக மதிப்பெண் போட்டிருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் அந்த எண். நாணயம் சுண்டினால் 0.5. எல்லா இணைகளிலும் சரியாகச் சொன்னால் 1.

இதைக் கேட்டது நல்லதாயிற்று. நான் சொல்ல வந்த அடுத்த ஆய்வு இதில்தான் நிற்கிறது. அதே மிச்சிகனிலிருந்து 2024இல் என்.இ.ஜே.எம். ஏஐ இதழில் வந்தது, இம்முறை 77,582 சேர்க்கைகள். கேட்ட கேள்வி ஒன்றே: எந்த நேரம் வரையிலான மதிப்பெண்களை எண்ணுகிறோம்? மருத்துவமனையில் இருந்த காலம் முழுவதையும் எண்ணினால் 0.87. பிரமாதம், விளம்பரத்தில் போடலாம். நோயாளி செப்சிஸ் வரையறைக்குள் வருவதற்கு முந்திய நேரத்தை மட்டும் எண்ணினால் 0.62. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு மருத்துவர் எழுதுவதற்கு முந்திய நேரத்தை மட்டும் எண்ணினால் 0.53.

கல்ச்சர் எழுதுகிறார் என்றால் மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று பொருள். அவருக்குச் சந்தேகம் வருமுன் இயந்திரத்துக்குத் தெரிந்தது நாணயத்துக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

மல்லிகாபுரம்:
புரிந்தது. விடைத்தாளைப் பார்த்துவிட்டு எழுதிய மாணவனுக்கு 87 மதிப்பெண். எனக்குப் பழக்கமான விஷயம்.

இளம்பரிதி:
வணக்கம். முனைவர் பட்டத்துக்காக இதே துறையில் வேலை செய்கிறேன். நீங்கள் எல்லாரும் அடிப்பது 2013–2015 தரவில் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற பழைய புள்ளியியல் முறையில் செய்த ஒரு கணிப்பை. இன்றைய ஆழ்கற்றல் முறைகளை அதை வைத்து எடைபோடுவது நியாயமா? சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கம்போசர் கணிப்பை அவசரப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். 6,217 செப்சிஸ் நோயாளிகள், மருத்துவமனை மரணத்தில் 1.9 சதவீதப் புள்ளிகள் குறைவு. ஒப்பளவில் பார்த்தால் 17 சதவீதம். அதில் எனக்குப் பிடித்தது, பழக்கமில்லாத மாதிரி நோயாளி வந்தால் அது மதிப்பெண் போடாமல் "தீர்மானிக்க இயலவில்லை" என்று ஒதுங்கிக்கொள்ளும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டார்ஜிலிங்கில் பிறந்த சுச்சி சாரியாவின் குழு செய்த ட்ரூஸ் என்ற செப்சிஸ் கணிப்பின் ஆய்வு இன்னும் பெரியது. ஐந்து மருத்துவமனைகள், 5,90,736 நோயாளிகள் கண்காணிப்பில். எச்சரிக்கையை மூன்று மணி நேரத்துக்குள் மருத்துவர் உறுதிசெய்த நோயாளிகளிடையே மரணம் 3.3 சதவீதப் புள்ளிகள் குறைவு. 2022 நேச்சர் மெடிசின்.

நெறியாளர்:
இடையில் வந்த விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. செப்சிஸ் பற்றிய இழையில் மூலிகைக் குருதிச் சுத்திகரிப்பு விற்க வேண்டாம்.

நெல்லை மருத்துவர்:
தம்பி, இரண்டையும் படித்திருக்கிறேன், இரண்டும் மதிக்கத்தக்கவை. ஆனால் கம்போசர் ஆய்வு, கணிப்பைக் கொண்டுவருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டது. ட்ரூஸ் ஆய்வு, எச்சரிக்கையை மருத்துவர் உடனே திறந்து பார்த்து உறுதிசெய்த நோயாளிகளையும் அப்படிச் செய்யாத நோயாளிகளையும் ஒப்பிட்டது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை இரண்டிலும் இல்லை. உடனே திறந்து பார்க்கிற மருத்துவர் எப்படிப்பட்டவர்? அன்று வார்டில் கூட்டம் குறைவாக இருந்திருக்கலாம். நோயாளியைப் பார்த்தவுடனே நோய் இன்னதென்று தெரிகிற நிலையில் இருந்திருக்கலாம். நோயின் கடுமையைக் கணக்கிட்டுச் சரிசெய்தார்கள்தான். ஆனாலும் பதிவேட்டில் ஏறாத வேறுபாட்டை எந்தச் சமன்பாடும் சரிசெய்யாது.

இன்னொன்று. 2020 ஏப்ரலில் மிச்சிகன் மருத்துவமனையே எபிக் கணிப்பை அணைத்து வைத்தது தெரியுமா? கொரோனா. காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்தவர்களுக்கெல்லாம் மணி அடித்தது. காய்ச்சலுக்கும் பாக்டீரியா செப்சிஸுக்கும் இடையே கணிப்பு பயின்று வைத்திருந்த உறவு ஒரே மாதத்தில் செல்லாமல் போயிற்று. அப்போது 24 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், உள்நோயாளிகள் 35 சதவீதம் குறைந்திருந்தும் தினசரி எச்சரிக்கைகள் 43 சதவீதம் கூடின. ஆழ்கற்றலானாலும் மேலோட்டக் கற்றலானாலும் நேற்றைய நோயாளிகளிடம் பயின்றதுதானே?

இளம்பரிதி:
அதற்காகத்தான் ஒதுங்கிக்கொள்ளும் கணிப்பைச் சொன்னேன், சார்.

நெல்லை மருத்துவர்:
சரி, அந்தப் புள்ளி உனக்கே.

இரவுப்பணி:
நீங்கள் இருவரும் கணிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். மணி அடித்தபின் யார் எழுந்து போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2018 நவம்பரில் செப்சிஸ் வாட்ச் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் திரையைப் பார்ப்பது அவசரப் பிரிவு மருத்துவர் அல்ல, விரைவு உதவிக் குழுவின் நர்ஸ்கள். மதிப்பெண் ஏறினால் அவர் பதிவேட்டைப் படித்துப் பார்த்துவிட்டு மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பார். சமூக அறிவியல் ஆய்வாளர்கள் எலிஷும் வாட்கின்ஸும் இதைப் பற்றி 2020இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். எங்கள் பயிற்சி வகுப்பில் ஒருவர் கொடுத்தார், ஒரே இரவில் படித்தேன். தன்னைவிடப் பதவியில் மேலிருக்கும் ஒரு மருத்துவரை, அதுவும் வேறு பிரிவுக்காரரை, "உங்கள் நோயாளிக்கு செப்சிஸ் வரலாம் என்று இயந்திரம் சொல்கிறது" என்று அழைத்துச் சொல்வது எளிதா? எந்த மருத்துவரிடம் எப்போது எப்படிப் பேசினால் எடுபடும் என்று அந்த நர்ஸ்கள் பழகிக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் திட்டம் நடந்ததற்கு அதுவும் காரணம் என்று அறிக்கை சொல்கிறது. உங்கள் ஏ.யூ.சி.யில் அது எந்தப் பத்தியில் வரும்?

இளம்பரிதி:
எந்தப் பத்தியிலும் வராது, அக்கா. ட்ரூஸ் ஆய்வுடன் சேர்ந்து வந்த இன்னொரு கட்டுரையில் கொஞ்சம் இருக்கிறது. அங்கே 89 சதவீத எச்சரிக்கைகளை மருத்துவர்கள் திறந்து மதிப்பிட்டார்கள், மதிப்பிட்டவற்றில் 38 சதவீதத்தை ஆம் என்று உறுதிசெய்தார்கள். அந்த 89ஐ எட்ட என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதுதான் நீங்கள் கேட்பது என்று நினைக்கிறேன்.

லெஸ்டர் செல்வி:
இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறேன், யாழ்ப்பாணத்தவள். எங்கள் வைத்தியசாலையில் செயற்கை நுண்ணறிவு எதுவும் கிடையாது, நியூஸ்-2 அட்டவணைதான். சுவாச வேகம், ஒட்சிசன் அளவு, ஒட்சிசன் கொடுக்கிறோமா, குருதி அமுக்கம், நாடித்துடிப்பு, உணர்வு நிலை, வெப்பநிலை. ஏழுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால் ஐந்து வந்தால் அவசரமாகப் பார்க்க வேண்டும், ஏழு வந்தால் மேல்நிலைக் குழுவை அழைக்க வேண்டும். அரச வைத்தியர் கல்லூரி 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்தியது. புதிதாக வந்த தாதிக்கும் ஏன் ஐந்து வந்தது என்று விரலை வைத்துக் காட்டலாம். வைத்தியரிடம் தொலைபேசியில் சொல்லும்போதும் அதுவே போதும்: "சுவாசம் 26, அமுக்கம் 98, ஆள் குழம்பிப் பேசுகிறார்." எந்த வைத்தியரும் அதைக் கேட்டுவிட்டு எதனால் என்று கேட்க மாட்டார்.

இந்தக் கோடிக்கணக்கான தரவுகளெல்லாம் அதைவிட எவ்வளவு மேல் என்று யாராவது ஒப்பிட்டிருக்கிறார்களா?

எண்கணக்கன்:
ஒப்பிட்டிருக்கிறார்கள். யேல் நியூ ஹேவன் குழுமத்தின் ஏழு மருத்துவமனைகள், 3,62,926 சேர்க்கைகள், 2024 ஜாமா நெட்வொர்க் ஓப்பன். செப்சிஸ் மட்டும் அல்ல, 24 மணி நேரத்துக்குள் ஐ.சி.யூ.வுக்குப் போவார்களா அல்லது இறப்பார்களா என்ற பொதுவான சீர்குலைவு. எபிக்கின் இன்னொரு கணிப்பான சீர்குலைவுக் குறியீட்டுக்கு 0.808. உங்கள் நியூஸ் அட்டவணைக்கு 0.831.

லெஸ்டர் செல்வி:
இதை அச்செடுத்து எங்கள் இளைப்பாறும் அறையில் ஒட்டப் போகிறேன்.

இளம்பரிதி:
முழுவதையும் ஒட்டுங்கள், அக்கா. அதே ஒப்பீட்டில் முதலிடம் ஈகார்ட் என்ற இயந்திரக் கற்றல் கணிப்புக்கு, 0.895. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உருவானது. "இயந்திரம் தோற்றது" என்று அந்தத் தாளைப் படிக்க முடியாது. ஒரு இயந்திரம் அட்டவணையிடம் தோற்றது, இன்னொன்று நன்றாகவே வென்றது. எது எந்த ரகம் என்று வாங்கும்போது மருத்துவமனைக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

மல்லிகாபுரம்:
இதற்கெல்லாம் அங்கே அரசு அனுமதி வேண்டாமா? மாத்திரைக்கு வேண்டியிருக்கிறதே.

எண்கணக்கன்:
நீண்ட காலம் தெளிவில்லாமல் கிடந்தது. 2022 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், செப்சிஸ் போன்ற அவசர நிலையைக் கணித்து எச்சரிக்கும் மென்பொருள் மருத்துவக் கருவியாகவே கருதப்படும் என்றது. 2024 ஏப்ரலில் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் ஒரு செப்சிஸ் கருவிக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தார்கள், ப்ரெனோசிஸ் நிறுவனத்துடையது. அதைத் தவிர, மின்னணுப் பதிவேட்டு நிறுவனங்களுக்கு 2025 தொடக்கத்தில் இன்னொரு விதி நடப்புக்கு வந்தது: தாங்கள் தரும் கணிப்பு எந்தத் தரவில் உருவானது, வெளியார் சோதித்தார்களா என்பன போன்ற 31 விவரங்களைப் பயன்படுத்துபவர் பார்க்கும்படி வைக்க வேண்டும். மருந்து அட்டைக்குள் மடித்து வைக்கும் தாளைப்போல அதையும் யாரும் படிக்கப்போவதில்லை என்பது என் அவநம்பிக்கை. ஆனால் வழக்கு என்று வந்தால் உதவும்.

நெல்லை மருத்துவர்:
நம் ஊருக்கு வருகிறேன். இதே மாதிரிப் பொருளை இப்போது இங்கேயும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பல இடங்களில் நர்ஸின் குறிப்பு இன்னும் காகிதத்தில். ரத்தக் கல்ச்சர் எடுக்குமுன் நோயாளி வெளியில் இரண்டு ஆன்டிபயாட்டிக்காவது விழுங்கிவிட்டு வந்திருப்பார். ஆன்டிபயாட்டிக்கைக் கேட்காமல் கொடுக்கிற நாட்டில், எட்டில் ஏழு முறை தவறாக அடிக்கும் மணியை வைத்தால் அந்த ஏழு பேருக்கும் மெரோபெனம் என்ற வலிமையான ஆன்டிபயாட்டிக் ஏறும். கிருமிகள் ஏற்கனவே அதற்கும் அடங்காமல் இருக்கின்றன.

உள்ளே போகும் எண்களிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் என்.இ.ஜே.எம். இதழில் மிச்சிகனைச் சேர்ந்த ஷோடிங் குழு எழுதியது: கருவி 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்தபோதே உண்மையில் ரத்தத்தில் ஆக்சிஜன் 88க்குக் கீழே போயிருந்த நிலை, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையரிடம் 3.6. தோலின் நிறம் கருவியை ஏமாற்றுகிறது. நம் வார்டில் படுத்திருப்பவர்களின் நிறம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்தான் கணிப்புக்கும் போகிறது, செல்வியம்மாவின் அட்டவணைக்கும் போகிறது.

விற்க வருபவரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: கல்ச்சர் எழுதுவதற்கு முந்திய நேரத்தை மட்டும் எண்ணினால் உங்கள் ஏ.யூ.சி. எவ்வளவு? இதுவரை வந்தவர்கள் "திரும்ப வந்து சொல்கிறோம்" என்றார்கள்.

இளம்பரிதி:
சார், அந்தக் கேள்வியை என் வேலைக்கே போட்டுப் பார்க்க நினைக்கிறேன். நான் பயன்படுத்துவது, செப்சிஸை முன்கூட்டிக் கணிப்பதற்காக நடந்த 2019 பிசியோநெட் போட்டியின் தரவு. இரண்டு மருத்துவமனைகளிலிருந்து 40,336 ஐ.சி.யூ. நோயாளிகளை வெளியிட்டு, மூன்றாவது மருத்துவமனையை மறைத்து வைத்தார்கள். முதல் இரண்டில் நன்றாகச் செய்த கணிப்புகள் மூன்றாவதில் சரிந்தன. சீக்கிரம் சொன்னால் புள்ளி, தாமதித்தால் கழிவு என்று மதிப்பெண் முறை அருமையாக அமைத்திருந்தார்கள். ஆனால் தரவு ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரி. மருத்துவருக்கு எப்போது சந்தேகம் வந்தது என்று அதில் தனிப் பத்தி இல்லை.

இரவுப்பணி:
மணிக்கு ஒரு வரி என்றால் அந்த மணி எது? பத்து மணிக்குப் பார்த்த ரத்த அழுத்தத்தை நான் பதினொன்றே முக்காலுக்கு உட்கார்ந்து ஏற்றுவேன், நேரத்தைப் பத்து என்று போட்டு. உங்கள் கணிப்பு அதைப் பத்து மணிக்கே தெரிந்ததாக எடுத்துக்கொண்டு, "நான் முன்கூட்டியே சொன்னேன்" என்று பெருமை அடித்துக்கொள்ளும். நிஜத்தில் பதினொன்றே முக்கால் வரை அதற்கு எதுவும் தெரியாது. நோயாளி மோசமாக இருக்கும் இரவில்தான் ஏற்றுவது இன்னும் தாமதமாகும்.

இளம்பரிதி:
அப்படியானால் இந்தத் தரவு எனக்கு உதவாது. மிமிக்-4க்கு மாறுகிறேன், பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் தரவு. அதில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் இரண்டு நேரம் இருக்கிறது: எடுத்த நேரம் ஒன்று, கணினியில் ஏறிய நேரம் ஒன்று. கல்ச்சருக்கு மாதிரி எடுத்த நேரமும் தனியாக உண்டு. ஏறிய நேரத்தை மட்டும் வைத்து, கல்ச்சருக்கு முன்னோடு நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.

நெல்லை மருத்துவர்:
ஆன்டிபயாட்டிக் ஆர்டரை உள்ளீட்டிலிருந்து எடுத்துவிடு. லாக்டேட் பரிசோதனை எழுதப்பட்டதா என்பதையும் எடு. அதுவும் சந்தேகம் வந்தபின் எழுதுவதுதான்.

இளம்பரிதி:
லாக்டேட்டையும் எடுத்தால் என் எண் 0.6க்குக் கீழே போய்விடும், சார்.

நெல்லை மருத்துவர்:
போகட்டும். அந்த எண்ணை இங்கே போடு.